மிட்டாய்க்கடை எதற்கு இருக்கிறது?

கேள்வி: வேலை விஷயமாகப் பாரிஸ் போகிறேன். அந்த ஊரிலேயே இருக்கிற 'லியோன் ரயில் நிலையம்' என்ற நிலையத்தின் மாடியில் இருக்கும் 'லெ ட்ரேன் ப்ளூ' உணவகத்தில் ஒரு வேளையாவது சாப்பிட ஆசை. பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தால் சர்வர்கள் மட்டமாக நினைப்பார்களோ? (ஒரு வாசகி)

பதில்: முதலில் அந்தப் பழமொழியைத் தூக்கிப் போடுங்கள். இதே பக்கத்தில் அதனோடு முன்பே சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் கோபம் தீரவில்லை. மிட்டாய்க்கடைக்காரர் எதற்காகக் கண்ணாடி ஜாடி வாங்குகிறார்? சிவப்பு மிட்டாயை ஒன்றிலும் மஞ்சளை இன்னொன்றிலும் நிரப்பி, வெளிச்சம் படுகிற பக்கமாக ஏன் அடுக்குகிறார்? நாலு பேர் நின்று பார்க்கத்தானே! அப்படி நின்று பார்த்தவனைக் கேலி செய்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவனுக்கு நாகரிகப் பட்டம் கொடுத்துவிட்டோம். கடைக்காரரைக் கேட்டிருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார்?

நீங்கள் போகிற இடமும் மிட்டாய்க்கடைதான். 1901-இல் ஜனாதிபதி எமில் லூபே திறந்துவைத்தபோது அது ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக்கூடம், அவ்வளவுதான். பாரிஸிலிருந்து லியோன் வழியாக மத்தியதரைக் கடல் வரை ரயில் விட்ட கம்பெனிக்காக எழுந்தது. சுவரிலும் கூரையிலுமாக 41 ஓவியங்கள். மார்செய், மொனாக்கோ என்று அந்த ரயில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊர்களைத்தான் அவற்றில் நிறையப் பார்ப்பீர்கள். சூப்பு ஆறுவதற்குள் பயணிக்குக் கடலைக் காட்டி ஆசையை மூட்டிவிடுகிற ஏற்பாடு. அங்கே போய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் மரியாதைக் குறைவு. இப்போதைய பெயர் 1963-இல் வந்தது, தெற்கே ஓடிய நீல நிற சொகுசு ரயிலின் நினைவாக. 1972-இல் அரசாங்கமே அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டது.

'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அது உடம்பு தேறுவதற்குக் குடிக்கிற இறைச்சிச் சாறின் பெயர். அப்புறம்தான் அதை விற்ற கடைக்கு ஒட்டிக்கொண்டது. தெம்பு தேடிப் போகிற இடத்தில் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார வேண்டுமா?

பல வருஷங்களுக்கு முன்பு அப்பாவை ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். தலைக்கு மேல் சரவிளக்கு. அவர் வாய்க்குள்ளேயே பல்புகளை எண்ண ஆரம்பித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டினேன். சட்டென்று தலையைக் குனிந்தவர், கை கழுவ எழும்வரை நிமிரவே இல்லை. எத்தனை பல்பு என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பழமொழி மேல் எனக்கு இருக்கிற கோபம் அங்கே தொடங்கியது.

அதனால் நன்றாக அண்ணாந்து பாருங்கள். ஆட்டுத்தொடை ரோஸ்ட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்திலேயே அரிந்து வைப்பார்கள். அப்போது மட்டும் கண்ணைக் கீழே இறக்குங்கள், அந்தக் கைவேலையும் பார்க்க வேண்டியதுதான். அங்கிருந்தே ரயில் ஏறுவதாக இருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். 41 ஓவியம் இருக்கிறது.