செட்டர்னா ஓரங்கட்டுறதா?

கேள்வி: என் பொண்ணு சின்ன வயசுல இருந்து வாலிபால் ஆடுறா, இவ்ளோ நாளா அட்டாக்கர். இப்ப கோச் "ஹைட் பத்தல, செட்டரா மாறு"ன்னுட்டாரு. மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு திரியுறா. இதுல புரொஃபஷனலா போக முடியுமா, இல்ல ஓரங்கட்டுறாங்களா?

பதில்: ஓரங்கட்டலைங்க, நடுவுல கொண்டு வந்து நிறுத்தியிருக்காரு. பந்தை நெட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்ப ஒரு டீமுக்கு மூணு டச், அதுல ரெண்டாவது பெரும்பாலும் செட்டரோடது, அட்டாக்கர் அடிக்குறதுக்கு பந்தைத் தூக்கிக் கொடுக்குறவ அவதான், யாரு அடிக்கணும், எவ்ளோ வேகமா, எவ்ளோ ஒசரத்துலன்னு எல்லாம் அவ முடிவுதான். அதுக்காக ஹைட் விஷயமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். பெண்கள் நெட் 2.24 மீட்டர், ஆட்டக்காரங்க இடம் மாறி மாறி நிக்குற ஆறு ரொட்டேஷன்ல செட்டரும் மூணு தடவை முன் வரிசைக்கு வந்தே ஆகணும், அப்ப எதிர் டீம் அவ தலைக்கு மேலயே குறி வெச்சு அடிக்கும்.

ஜப்பான்ல யோஷியே தகேஷிதான்னு ஒரு செட்டர் இருந்தாங்க, ஒசரம் வெறும் 159 செ.மீ. 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் பெண்கள் டீம் தகுதி பெறாம போச்சு, அதுக்கு முன்னாடி அப்படி நடந்ததே இல்ல, அவ்ளோதான், பழி பூரா இவங்க ஹைட் மேல விழுந்துச்சு. (தோத்தா செட்டர், ஜெயிச்சா அட்டாக்கர், எல்லா ஊர்லயும் இதே கதைதான்.) 2002ல ஆட்டமே வேணாம்னு கிளப்பை விட்டு வெளிய போயிட்டாங்க. அப்புறம் அதே வருஷம் ஜேடி மார்வெலஸ் கிளப்புக்காக திரும்பி வந்து, ஏதென்ஸ், பெய்ஜிங், லண்டன்னு மூணு ஒலிம்பிக் ஆடினாங்க. 2006 உலக சாம்பியன்ஷிப்ல ஜப்பானுக்கு ஆறாவது இடம்தான், ஆனா தொடரோட சிறந்த வீராங்கனை விருது தகேஷிதாவுக்கு! 2012 லண்டன்ல இடது ஆள்காட்டி விரல் எலும்பு முறிஞ்சிருந்தும் வெளிய சொல்லாம ஆடினாங்க. செட்டருக்கு விரல்தாங்க சோறு போடுது, யோசிச்சுப் பாருங்க. காலிறுதியில சீனாவை அஞ்சு செட்ல சாய்ச்சு, கடைசில வெண்கலம், ஜப்பான் பெண்களுக்கு 28 வருஷத்துக்கு அப்புறம் கிடைச்ச மெடல்.

உங்க பொண்ணுகிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க, கூடவே பிளாக் (நெட்டுக்கிட்ட எகிறி எதிராளி அடியைக் கையால தடுக்குறது), டிஃபென்ஸ் ரெண்டையும் விட்டுடாதன்னும் சொல்லுங்க. குட்டை செட்டர் டிஃபென்ஸ்லயும் சொதப்புனா எந்த கிளப்பும் எடுக்காது.

கேள்வி: எனக்கு 27 வயசு, கிளப்ல ரெண்டாவது செட்டர். இன்னும் பெஞ்ச்தான். விட்டுடலாமா?

பதில்: அட, 27 எல்லாம் செட்டருக்கு ஒரு வயசாம்மா! அட்டாக்கருக்கு முட்டி, தோள் தேய ஆரம்பிக்கிற நேரத்துலதான் செட்டருக்கு கண்ணும் புத்தியும் நல்லா வேலை செய்யும். பிரேசிலோட ஃபோஃபாவ் 1992ல இருந்து 2008 வரைக்கும் அஞ்சு ஒலிம்பிக் போனாங்க, அதுல பல வருஷம் ஃபெர்னாண்டா வென்டுரினிக்கு பின்னாடி ரெண்டாவது செட்டரா பெஞ்ச்ல உக்காந்துதான். பெய்ஜிங்ல தங்கம் வாங்கும்போது 38 வயசு, கேப்டனும் அவங்கதான், மொத்த தொடர்லயும் பிரேசில் விட்டது ஒரே ஒரு செட், அதுவும் ஃபைனல்ல. கிளப் ஆட்டத்தை நிறுத்தினப்ப வயசு 45. இத்தாலி, ஸ்பெயின், துருக்கின்னு போன இடத்துல எல்லாம் புது அட்டாக்கர்ஸ், ஒருத்திக்கு நெட்டை ஒட்டி வேணும், இன்னொருத்திக்கு கொஞ்சம் தள்ளி வேணும், எல்லாத்தையும் முதல்ல இருந்து கத்துக்கணும்.

ஆனா சும்மா பெஞ்ச்ல உக்காந்து வயசை ஏத்திக்காதீங்க. ஆடுறதுக்கு வாய்ப்பு கொடுக்குற சின்ன கிளப் கிடைச்சா போயிடுங்க, சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல.

கேள்வி: செட்டர் ஆட்டத்துல அப்படி என்னதான் ரசிக்க இருக்கு?

பதில்: ஒரு செட் முழுக்க பந்தை விட்டுட்டு அவளை மட்டும் பாருங்க. கூட ஆடுறவ முதல் டச்ல எடுத்துக் கொடுக்குற பாஸ் மேல வர்றதுக்குள்ள ஒரு நொடி எதிர்ப்பக்க நடு பிளாக்கர் எங்க நிக்குறான்னு ஒரு பார்வை, அப்புறம் பந்துக்குக் கீழ போய் நெத்திக்கு மேல பத்து விரலும் விரிஞ்சு நிக்கும். முன்னாடி போடப் போறாளா பின்னாடியான்னு உடம்பு காட்டிக் கொடுக்கக் கூடாது, முதுகு கொஞ்சம் சீக்கிரம் வளைஞ்சா போச்சு, பிளாக்கர் கிளம்பிடுவா. நல்ல செட்டர்னா அந்த பிளாக்கர் வேற யாருக்கோ எகிறி அந்தரத்துல நிப்பா, இந்தப் பக்கம் அட்டாக்கர் காலி நெட்ல அடிச்சுட்டு கையைத் தூக்கிட்டு ஓடுவா, கேமராவும் அவ பின்னாடியே ஓடும்.