மாலை ஷிஃப்ட் நூலகர்கள்: கேள்வியும் பதிலும்

நூலக வேலை பற்றிப் போன இதழில் ஒரு சின்ன கேள்விக்குப் பதில் சொன்னதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாலை ஷிஃப்டில் இருப்பவர்களுடையவை. பகலில் வேலை பார்ப்பவர்களுக்குப் புகார் இல்லையா, அல்லது மாலை ஆட்களிடம் யாரும் கேட்பதே இல்லையா தெரியவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மதியம் 1 மணி முதல் இரவு 9 மணி வரை ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள். "சும்மா உட்கார்ந்து படிக்கலாம், போட்டித் தேர்வுக்கு வசதி" என்கிறார்கள் நண்பர்கள். நிஜமா?

சொன்னவர்கள் நூலகத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாம் முடிந்து ஆட்கள் வருகிற நேரமே மாலைதான். அதுவரை காலியாகக் கிடந்த கவுண்டர் முன்னால் திடீரென்று வரிசை நிற்கும், அந்த நேரம் பார்த்து பிரிண்டரில் பேப்பர் சிக்கும், ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்பார். இரவு நெருங்க நெருங்கக் கூட்டம் குறையும், அது உண்மை. ஆனால் அப்போது திரும்பி வந்த புத்தகங்கள் டிராலி நிறைய உங்களுக்காகக் காத்திருக்கும்.

படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் ஒரு தடவை நேராகக் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள், ஒளித்து வைத்துப் படிக்கிற வேலை வேண்டாம். எடுக்கிறதும் பாதியில் விட்டால் பரவாயில்லை என்கிற மாதிரி இருக்கட்டும், பழைய வினாத்தாள், குறிப்பு நோட்டு இப்படி. கணக்கை எடுத்து உட்கார்ந்தால் தலை நிமிராது. தலை நிமிராத ஆளிடம் வாசகர் கேள்வி கேட்க மாட்டார், ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். பகலில் வேலைக்குப் போகிறவருக்கு நூலகர் என்றால் நீங்கள் மட்டும்தான், காலையில் இருக்கிற மூத்த நூலகரை அவர் பார்த்ததே கிடையாது. உங்களுக்கோ காலை முழுக்க கையில் இருக்கிறது, கணக்கை அப்போது போடுங்கள்.

மூடும் நேரம் வந்தால் சிலர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள். "இன்னும் ரெண்டு பக்கம்தான்" என்று அரை மணி நேரம் இழுக்கிறார்கள். சண்டை போடாமல் எப்படி அனுப்புவது?

ஒன்பதுக்கு மூட வேண்டுமென்றால் வேலை எட்டரைக்கே தொடங்கிவிட வேண்டும். மணி அடித்த பிறகு எழுப்பப் போனால் சண்டையில்தான் முடியும்.

அரை மணி முன்பு ஒரு அறிவிப்பு, கால் மணி முன்பு இன்னொன்று, கடைசியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்று. இரவல் கொடுப்பதைப் பத்து நிமிடம் முன்னால் நிறுத்துவதாக இருந்தால் அது கவுண்டரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். வாயால் சொன்னால் அது நீங்கள் அந்த நிமிடத்தில் போட்ட சட்டமாகத் தெரியும். பொதுக் கணினிகள் குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணைகிற மாதிரி செட் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, கணினியோடு யாரும் வாதாடுவதில்லை. அணைவதற்கு முன் திரையில் எச்சரிக்கை வருகிற மாதிரியும் வையுங்கள், யாருடைய விண்ணப்பமோ பாதியில் போனால் அந்தக் கோபம் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம், சுற்றி வருகிற திசை. பலரும் வாசலில் தொடங்கி உள்ளே போகிறார்கள். அது தப்பு. கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து வாசலை நோக்கி வாருங்கள், ஒவ்வொரு ரேக் இடுக்கையும், கழிவறையையும், தனிப்படிப்பு அறையையும் பார்த்துக்கொண்டே. ஆட்கள் உங்களுக்கு முன்னால் நகர்வார்கள், பின்னால் யாரும் தங்க மாட்டார்கள். விளக்கையும் அதே வரிசையில், ஆள் இல்லாத பகுதியில் மட்டும் அணையுங்கள். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விளக்கை அணைப்பதைப் போன்ற அவமரியாதை வேறில்லை, அடுத்த நாள் அவர் புகார்ப் புத்தகம் கேட்டால் நான் அவர் பக்கம்.

தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று மேசையைத் தட்டுங்கள், திடுக்கிட்டு எழுகிறவர் கை எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது. அப்படியும் போக மறுக்கிறவரிடம் நேரம் பற்றி விவாதமே வேண்டாம். பலகையைக் காட்டிவிட்டு, காவலரைக் கூப்பிடுங்கள்.

மாலையில் நான் அடுக்குகிற புத்தகங்கள் இடம் மாறி இருக்கின்றன என்று காலை ஷிஃப்டில் தினமும் திட்டு. பகுப்பெண்ணை (துறை வாரியாகப் புத்தகத்தின் மேல் ஒட்டியிருக்கிற எண்) பார்த்துத்தான் வைக்கிறேன்!

எங்கே மாறுகிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஊகிக்க முடிகிறது. 621.39 என்றும் 621.3815 என்றும் இரண்டு புத்தகம் கையில் இருந்தால் எது முதலில்? புதிதாக வருகிறவர்கள் 39-ஐ முதலில் வைப்பார்கள், 3815 பெரிய எண் ஆயிற்றே என்று. தசமப் புள்ளிக்குப் பிறகு அப்படிப் படிக்கக்கூடாது. ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும்: முதலில் 3, 3, சமம். அடுத்து 8, 9. எட்டுதான் சிறியது, எனவே 621.3815 முன்னால் வரும். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-ல் முதலில் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையின் வசதியே இதுதான், இரண்டு எண்ணுக்கு நடுவில் எத்தனை புதுத் துறை வந்தாலும் இலக்கத்தைக் கூட்டிச் செருகிக்கொள்ளலாம்.

தமிழ்ப் புனைகதை இன்னொரு தலைவலி. மொத்த ரேக்குக்கும் 894.8113 என்று ஒரே எண், எல்லாம் அதற்குக் கீழே ஆசிரியர் பெயரை வைத்துப் போட்ட குறியீட்டில்தான் நிற்கிறது. அந்த ரேக்தான் மாலையில் அதிகம் கலைகிறது, வாசகர்களே எடுத்துப் பார்த்துவிட்டுக் கைக்கு எட்டிய இடத்தில் செருகிவிடுவார்கள். "எடுத்ததை மேசையிலேயே வையுங்கள்" என்று ஒரு அட்டை எழுதி வைத்துப் பாருங்கள்.

கடைசி ஒரு மணி நேரத்தில் அடுக்காதீர்கள். கண் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் டிராலியிலேயே எண் வரிசைப்படி பிரித்து மட்டும் வைத்துவிட்டு, மறுநாள் ஷிஃப்ட் தொடங்கியதும் ரேக்கில் வையுங்கள். கணினி "உள்ளே இருக்கிறது" என்று காட்டுகிற புத்தகம் தப்பான ரேக்கில் இருந்தால் அது தொலைந்த புத்தகம்தான். இரவல் போயிருந்தாலாவது எப்போது வரும் என்று சொல்லலாம்.

நான் வாசகன். வேலை முடிந்து வருவதற்குள் எங்கள் நூலகம் மூடிவிடுகிறது. நூலகங்கள் ஏன் அலுவலக நேரத்திலேயே நடக்கின்றன?

ஒரு காலத்தில் காரணம் இருந்தது, நெருப்பு பயம். பிரிட்டிஷ் மியூசியத்தின் புகழ்பெற்ற வாசிப்பறையில் விளக்கே ஏற்ற மாட்டார்கள், இருட்டினால் எல்லோரும் வெளியே. 1879-ல் மின்விளக்கு வந்த பிறகுதான் குளிர்கால மாலைகளிலும் அங்கே உட்கார முடிந்தது. இன்று மிச்சமிருப்பது ஆள் பற்றாக்குறை, காவல் செலவு, அப்புறம் பழக்கம். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட புத்தகத்தில் நூலகங்களுக்குச் சொன்ன ஐந்து விதிகளில் முதலாவது "நூல்கள் பயன்படுத்துவதற்கே". திறந்திருக்கும் நேரத்தையும் அந்த விதியின் கீழேயேதான் அவர் பேசுகிறார். படிக்க வேண்டியவர் வேலையில் இருக்கும்போது திறந்து, அவர் வரும்போது மூடினால் அந்த முதல் விதியே அடிபடுகிறது. இதை எழுத்தில் கொடுங்கள், நான்கு பேர் கையெழுத்தோடு. வாரத்தில் இரண்டு நாளாவது மாலையில் திறங்கள் என்று கேட்டால் மறுப்பது கடினம்.

வீடு வந்து சேரவே பத்தாகிறது, ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. காலையில் எழ முடியவில்லை.

ஏழு மணிக்குக் குடிக்கிற காபியை விடுங்கள். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஒரே ஷிஃப்டில் நீடிக்க முடிந்தால் நீடியுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுவதுதான் உடம்பை அதிகம் படுத்துகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் காலையிலிருந்து மாலைக்குப் போவது எளிது, மாலையிலிருந்து மறுநாள் காலைக்கு இழுப்பதுதான் கொடுமை. அட்டவணை போடுகிறவரிடம் இதைச் சொல்லலாம், பலருக்குத் தெரியாது. விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்.

இரவு மூடும்போது நான் ஒரே பெண். துணைக்கு ஆள் கேட்டால் "பயந்தால் எப்படி" என்கிறார்கள்.

இதில் தைரியம் பற்றிய பேச்சே வரக்கூடாது. ஆணோ பெண்ணோ, பொதுமக்கள் வந்து போகிற கட்டடத்தை ஒருவர் தனியாக மூடக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து பூட்ட வேண்டும், அல்லது காவலர் இருக்க வேண்டும். கடைசி வாசகரும் நீங்களும் மட்டும் மிஞ்சுகிற நிலை வந்தால் கவுண்டரை விட்டு வாசல் பக்கம் வந்து நில்லுங்கள். அபராதப் பணத்தை ஆட்கள் இருக்கும்போதே எண்ணாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல மறுப்புகள் காணாமல் போய்விடும்.

இரவில் சர்வர் விழுந்தால் யாரையும் தொடர்புகொள்ள முடிவதில்லை. வாசகர்களைத் திருப்பி அனுப்பலாமா?

வேண்டாம். கோஹா போன்ற நூலக மென்பொருளில் இணைப்பு இல்லாமலே பதிவு செய்கிற வசதி உண்டு, அதை முன்கூட்டியே அமைத்து வைத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு தாள் போதும்: மணி, உறுப்பினர் எண், புத்தகத்தின் பதிவு எண், கொடுத்ததா வாங்கியதா. நான்கே பத்தி. மறுநாள் கணினியில் ஏற்றும்போது நேர வரிசை மாறக்கூடாது. ஏழு மணிக்கு ஒருவர் திருப்பித் தந்த புத்தகத்தை ஏழரைக்கு இன்னொருவர் எடுத்துப் போயிருந்தால், இரண்டாவதை முதலில் ஏற்றி முதலாவதைப் பிறகு ஏற்றினால், அந்தப் புத்தகம் நூலகத்தில் இருப்பதாகவே கணினி காட்டும், எடுத்துப் போனவர் பெயரில் ஒன்றும் நிற்காது. அதனால் ஏற்றுகிற வேலையை ஒரே ஆள் செய்யட்டும். முடித்த வரிக்கு எதிரே டிக் போட்டு, தாளை ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதி வைக்கிற ஒப்படைப்பு நோட்டில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலை ஆள் ஒரு தடவை, நீங்கள் ஒரு தடவை என்று இரண்டு முறை ஏறிவிடும்.