கரண்ட் வைத்தால் முழங்கால் வலி தீருமா?

“முழங்கால் வலிக்கு மின்தூண்டல் சிகிச்சை பலன் தருமா, பயிற்சி மட்டும் போதுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களைப் பத்து நாள் “கரண்ட் வைக்க” வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், நான்கைந்து நாள் போனபின் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது என்றும் ஊகிக்கிறேன். அந்தச் சந்தேகம் எனக்குப் பத்தாம் நாள்தான் வந்தது என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து, துளைவழி அறுவை சிகிச்சை நடந்தது. தையல் பிரித்த பிறகும் வீக்கம் முழுதாக வடியவில்லை. முதலில் போன இடத்தில் முட்டியின் இரு பக்கமும் பேடுகளை ஒட்டி, இருபது நிமிடம் மிஷினை ஓடவிட்டு, திரையை இழுத்து மூடிவிட்டுப் போய்விடுவார்கள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். மாலை வரை வலி தெரியாது. ஆனால் பத்து நாளும் என் தொடையை ஒருவர்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் படியிறங்கும்போது முட்டி தானாக மடங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து நான் போன பிசியோதெரபிஸ்ட், மிஷின் பக்கமே திரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, அதை அழுத்தச் சொன்னார். இடது தொடை கல்லாக இறுகியது. வலது தொடையில், முட்டிக்குச் சற்று மேலே உட்பக்கத்தில், விரல் வைத்தால் மாவுபோல் அமுங்கியது. நான் முழு மூச்சாக அழுத்திக்கொண்டிருந்தேன், தசை அசையவே இல்லை. டேப் வைத்து அளந்தபோது இரண்டு தொடைகளுக்கும் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். வீங்கிய மூட்டிலிருந்து போகும் செய்தி, தொடைத்தசைக்கு வரவேண்டிய கட்டளையைத் தண்டுவடத்திலேயே தடுத்துவிடுகிறது. மூட்டுக்குள் 20 முதல் 30 மில்லி நீர் சேர்ந்தாலே அந்த உட்பக்கத் தசை அடங்கிப்போகும். ஆகவே “நீங்கள் சோம்பேறித்தனமாக இருக்கிறீர்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனம் இருந்தாலும் கட்டளை போய்ச் சேருவதில்லை. இந்த இடத்தில்தான் மின்தூண்டலுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

நாம் “கரண்ட்” என்று ஒரே பெயரில் சொல்வதில் வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. முதல் இடத்தில் எனக்கு வைத்தது டென்ஸ். அது உணர்வு நரம்புகளைத் தூண்டி வலியை மங்கச் செய்வது; மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்த வலிவாயில் கோட்பாட்டை, அதாவது தொடு உணர்வு வலிச் செய்தியைத் தண்டுவடத்தில் தடுக்கும் என்பதை, ஒட்டி வந்தது. இரண்டாவது, என்.எம்.இ.எஸ். எனப்படும் தசைத்தூண்டல், இதில் பேடுகள் தொடையின் மேல் ஒட்டப்படும், மின்சாரம் இயக்க நரம்பைத் தூண்டித் தசையையே சுருங்க வைக்கும். முதல் முறை என் தொடை தானாக எழும்பி இறுகியதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “அம்மா, அது இறுக்கும்போது நீங்களும் சேர்ந்து இறுக்குங்கள், மிஷினிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்றார் அவர். பத்து விநாடி இறுக்கம், ஐம்பது விநாடி ஓய்வு, ஒரு அமர்வில் பதினைந்து முறை. இந்த வழியில் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு ஓய்வு. நான்கு வாரத்தில் காலை நீட்டி உயர்த்த முடிந்ததும் மிஷினை நிறுத்திவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, படி ஏறுவது என்று பயிற்சிக்கு மாறினோம். இரண்டு தொடைகளும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்தது அதன்பிறகு ஐந்து மாதம் விடாமல் செய்த பயிற்சியால்தான்.

நான் மருத்துவர் அல்லேன். டென்ஸால் ஆறுதல் அடைந்தவர்களை மறுக்கவும் இல்லை, எனக்கும் மாலை வரை அந்த ஆறுதல் கிடைத்தது. ஆனால் உங்களுடையது மூட்டுத் தேய்மானம் என்றால் கணக்கு வேறு. பிரிட்டனில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல்களைத் தரும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், போதிய சான்று இல்லை என்று கூறி, தேய்மானத்துக்கு டென்ஸையும் தசைத்தூண்டலையும் வழங்க வேண்டாம் என்கிறது, உடற்பயிற்சியைத்தான் முன்வைக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தசைத்தூண்டலைப் பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் கூறுவதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், காலில் இரத்தக்கட்டி இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்த மிஷினையும் தொடவே கூடாது.

நாளை போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: பேடு முட்டியைச் சுற்றியா, தொடையின் மேலா? மிஷினை எப்போது நிறுத்தப்போகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நான் காத்திருந்ததுபோல் பத்து நாள் காத்திருக்காமல் வேறு இடம் பாருங்கள்.