மீண்டும் சந்திரமதி

அன்புள்ள ஐயா,

கோயில் திருவிழாக்களில் விடியவிடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மகள் போனில் படித்துக் காட்டினாள். நான் பதினேழு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம். வள்ளி, சாவித்திரி, சந்திரமதி, பவளக்கொடி என்று திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் வீடு தங்கமாட்டேன். மகள் பெரியவளானதும் "நாடகக்காரி மகள்" என்று பள்ளிக்கூடத்திலேயே பேச்சு வந்தது. நிறுத்திவிட்டேன். இப்போது வயது அறுபத்தொன்று. கணவர் தவறி நாலு வருடம் ஆகிறது.

இந்த வருடம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் குருபூஜையில் பழைய ஆட்கள் ஆளுக்கொரு காட்சி செய்ய வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு அரிச்சந்திரன் கதையில் மயான காண்டம், சந்திரமதி வேடம். ஒப்புக்கொண்டேன். அதே மேடையில் என்னோடு நடித்தவர்களுக்கு, போய்ச் சேர்ந்தவர்கள் இருப்பவர்கள் எல்லோருக்கும், மரியாதை செய்ய ஆசை. ஒன்பது பேர் பட்டியலை இணைத்திருக்கிறேன். பொன்னாடையும் கேடயமும் கொடுக்கலாம் என்று யோசனை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. நடுவில் மறந்துபோகுமோ என்று ராத்திரி தூக்கம் இல்லை. புருஷன் போனவள் பூவும் பொட்டும் தாலியுமாக மேடையில் நிற்பதா என்று நாத்தனார் கேட்கிறார். போகலாமா?

பெயர் வேண்டாம்,
புதுக்கோட்டை மாவட்டம்

*

அன்புள்ள அக்கா,

காட்சியை ஒப்புக்கொண்டு, பட்டியலும் போட்டுவிட்டு, கடைசி வரியில் போகலாமா என்று கேட்கிறீர்கள். அந்த முடிவை நீங்கள் எடுத்தாகிவிட்டது. மற்றதைப் பேசலாம்.

முதலில் குரல். அந்தக் காலத்தில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது நாலு கட்டைக்கு வந்திருக்கும். ஐம்பதைத் தாண்டினால் பெண்குரல் தடித்து இறங்குவது உடம்பின் இயல்பு. அதைப் பிடித்து மேலே இழுத்தால்தான் பிசிறும். நாடக மேடையில் மேல் சுருதி வந்ததே மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதால்தான். மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆர்மோனியக்காரரிடம் வெட்கப்படாமல் இறக்கச் சொல்லுங்கள். அரிச்சந்திரனாக வருகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருக்கு அந்தச் சுருதி அடிவயிற்றில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. அப்புறம் ஒன்று. இறந்துபோன மகன் லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு புலம்புகிற தாய்க்கு இறங்கிய குரல் ஒரு குறையே இல்லை. இருபது வயதில் நீங்கள் அதை எவ்வளவு சுத்தமாகப் பாடியிருப்பீர்கள்! அவ்வளவு சுத்தம் அந்த இடத்துக்குத் தேவையா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

மறதி. பாத்திரம் தேய்க்கும்போது பாடிப் பாருங்கள். சுவாமிகள் பாட்டு மெட்டோடு சேர்ந்து உள்ளே போனது, ஒரு வரி கிளம்பினால் அடுத்த வரி தானாக வரும். தடுமாறுவது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில். உங்களுக்கே தெரியும், ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர், காரைக்குடியிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாக வந்து, மேக்கப் போடுகிற இடத்தில் ஒருவரையொருவர் பார்த்து, விடியவிடிய நடித்துவிட்டுப் போவார்கள். எதிராளி எந்த இடத்தில் மூச்சு விடுவார், எங்கே அடியெடுத்துக் கொடுப்பார் என்ற கணக்கில்தான் வசனம் ஓடும். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கணக்கு மாறியிருக்கும், வேகமும் கூடியிருக்கும். ஆகவே ஒரு மத்தியானம் அரிச்சந்திரனோடும் பின்பாட்டுக்காரரோடும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பழைய ஆட்கள் சிலர் இதை மானக்குறைவாக நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

பையனைத் தூக்கிக்கொண்டு நடந்து வரவும் வேண்டாம். கிடத்தியிருக்கும்போதே திரை விலகட்டும். இடுப்புப் பிடித்துக்கொண்டால் சுவாமிகள் வந்து எண்ணெய் தடவமாட்டார்.

நாத்தனார் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மயானம் காக்கிற அரிச்சந்திரன் கால்பணமும் முழத்துண்டும் கேட்கிறான். ஒன்றுமில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற தாலி அது. மயானம் காக்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் திடுக்கிடுகிறாள். காட்சியே அந்த இடத்தில்தான் திரும்புகிறது. கதைப்படி அங்கே சந்திரமதிக்குத் தாலி வேண்டும். நாத்தனாரின் கணக்கு அதற்குள் எங்கேயும் வரவில்லை.

நாடக மேடையில் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். 1933 டிசம்பரில் கணவர் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். 1935இல் நந்தனாராக, ஆண் வேடத்தில், திரையில் வந்து நின்றார். 1953இல் ஔவையார். அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. எந்த வேடத்தில் திரும்புவது என்பதை அவரே முடிவு செய்தார், அவ்வளவுதான். அவருக்கும் நாத்தனார் மாதிரி நாலு பேர் இருந்திருப்பார்கள்.

சரி, மரியாதை. உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்த இடம்.

ஜப்பானில் கசுவோ ஓனோ என்று ஒரு நடனக்காரர் இருந்தார். இளம் வயதில், 1929இல், தோக்கியோவுக்கு வந்த லா அர்ஹென்டினா என்ற ஸ்பானிய நடனக்காரியின் ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஆடினார். நடுவில் பல வருடம் மேடையை விட்டு விலகியிருந்தார். எழுபதைத் தாண்டிய பிறகு, 1977இல், பெண் உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பினார். என்றோ பார்த்த அந்தப் பெண்ணுக்குச் செய்த மரியாதை அந்த ஆட்டம். நூற்று மூன்று வயது வரை இருந்தார், கடைசிக் காலத்தில் நிற்க முடியாதபோது கையை மட்டும் அசைத்து ஆடினார். அந்த அம்மாளுக்கு அவர் பொன்னாடை போர்த்தவில்லை. அவள் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகியிருந்தது. தன் உடம்பிலேயே அவளைக் கொண்டுவந்து காட்டினார்.

அவ்வளவு தூரம் போவானேன். சிவகங்கைப் பக்கம் ஒரு திருவிழாவில், ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு மேல் இருக்கும். வேடனாக வந்த ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயக நடிகருக்கு, உங்கள் வயது. உடம்புக்கு முடியாமல் சில வருடம் நடிக்காமல் இருந்துவிட்டு அந்த வருடம்தான் திரும்பியிருந்தார். ஒரு விருத்தத்தில் நீளமாக ஓர் இழுப்பு. பாதியில் மூச்சு போதவில்லை. பின்பாட்டு எடுத்துக்கொண்டது. கூட்டம் கவனிக்கவே இல்லை. அவர் சும்மா விட்டிருக்கலாம். மைக்குக்குக் கிட்டே வந்து, "இந்த இழுப்பு என் சொத்து இல்லைங்க. இவர் அப்பா எனக்குப் போட்டுக் கொடுத்தது. அவர் இருந்தா இந்த இடத்துல என்னைத் தனியா விடமாட்டார்" என்று ஆர்மோனியக்காரரைக் காட்டினார். ஆர்மோனியத்தை மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. சுருதி அப்படியே தேய்ந்து அடங்கியது. ஒரு நாலு விநாடி கொட்டகையில் சத்தமே இல்லை. ஆர்மோனியக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தார். ராஜபார்ட் அதே விருத்தத்தை முதலிலிருந்து எடுத்தார்.

நான் பார்த்த பொன்னாடைகளில் ஒன்றுகூட எனக்கு இந்த அளவு நினைவில் இல்லை. யார் போர்த்தினார் என்பதுதான் நினைவிருக்கிறது, யாருக்கு என்பது இல்லை. பெரும்பாலும் போர்த்துகிறவருக்காகத்தானே அதை வாங்குகிறோம்.

உங்கள் மேடையில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. கோமாளியான பபூன் வந்ததும் மிருதங்கம், பலவகைத் தாளக்கருவி வாசிக்கிற ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேலி செய்து அறிமுகப்படுத்துவார் இல்லையா, அந்த மாதிரி பேசுங்கள். அந்த அண்ணனிடம் எந்தச் சங்கதியை எடுத்தீர்கள், எந்த ஊரில் உங்களுக்குத் தொண்டை கட்டியபோது யார் ஒரு மணி நேரம் கதையை இழுத்துச் சமாளித்தார், அதைச் சொல்லுங்கள். கலைச்சேவை, அர்ப்பணிப்பு போன்ற வார்த்தைகளைத் தலைமை தாங்குகிறவருக்கு விட்டுவிடுங்கள். அவருக்குப் பேச வேறு எதுவும் இருக்காது.

பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது பேர். ராஜபார்ட் ஐந்து, பபூன் இரண்டு, ஆர்மோனியம் ஒன்று, மிருதங்கம் ஒன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம், டான்ஸ் ஆடிய பெண் ஒருத்திகூட இல்லையே அக்கா?

பத்து மணிக்குப் பாய் விரித்துக்கொண்டு சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிற கூட்டத்தை மேடைப் பக்கம் திருப்பி உட்கார வைத்தவள் அவள். விசிலையும் கெட்ட பேச்சையும் முதலில் வாங்கிக்கொண்டவளும் அவள்தான். நள்ளிரவுக்கு நீங்கள் வள்ளியாக வரும்போது கூட்டம் கைகூப்பும் அளவுக்கு அடங்கியிருந்தது என்றால் அதில் அவள் பங்கும் உண்டு. ஸ்திரீபார்ட்காரர்கள் அவளோடு ஒரே வேனில் வந்தாலும் ஒரு சீட் தள்ளி உட்கார்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஊர் உங்களை "நாடகக்காரி" என்று ஒதுக்கியது. கொட்டகைக்குள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவளை ஒதுக்கினீர்கள். இதை எழுதுவது எனக்குச் சுலபம்தான், அந்த வேனில் நான் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை.

இருக்கிறவர்களுக்குக் கேடயம் வாங்கும் பணத்தில் வேறு ஒரு வேலை செய்யலாம். அரசின் இயல் இசை நாடக மன்றம் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை வருகிறது. விண்ணப்பிக்கத் தெரியாமல், நடித்ததற்குச் சான்று இல்லாமல், விட்டுவிட்டவர்கள் உண்டு. நாடக நடிகர் சங்கம் வருடாவருடம் போடுகிற காலண்டரில் படமும் பெயரும் வந்திருக்கும், பழையது யாரிடமாவது கிடைக்கும். அதைத் தேடி எடுத்து, மகளை விட்டு நாலு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லுங்கள். போனில் இவ்வளவு நீளமாகப் படித்துக் காட்டுகிற பெண் அதையும் செய்வாள்.

குருபூஜை என்றைக்கு என்று எழுதுங்கள், வருகிறேன். உங்களோடு டான்ஸ் ஆடியவர்களின் பெயர்களையும் எழுதுங்கள். முழுப்பெயர் நினைவில்லை என்றால் மேடையில் கூப்பிட்ட பெயர் போதும்.

அன்புடன்