சிறுவயதில் விளையாடிய கணினி விளையாட்டுகளில், உண்மையாகவே எதையாவது கற்றுக்கொடுத்தது எது?

தயங்காமல் சொல்வேன்: 'லாஜிக்கல் ஜர்னி ஆஃப் த ஸூம்பினிஸ்'. டெர்க் என்ற கல்வி ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, 1996இல் பிராடர்பண்ட் வெளியிட்டது.

ஸூம்பினி என்பது நீல நிறக் குட்டி உருவம். தலைமுடி, கண், மூக்கு, கால் ஒவ்வொன்றிலும் ஐந்து வகை, ஆக மொத்தம் 625 விதமான உருவங்கள். 16 பேரைச் சேர்த்துக்கொண்டு புதிய ஊர் தேடிப் புறப்பட வேண்டும். வழியில் முதல் தடை, பாறைச் சுவர்களை ஒட்டி இரண்டு பாலங்கள். ஒரு பாறைக்குச் சில முகங்கள் ஒவ்வாது, தும்மி விரட்டிவிடும். எது ஒவ்வாது என்று திரையில் எங்கும் எழுதியிருக்காது. தவறுகளுக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் பாலம் போய்விடும், மீதிப் பேர் பின்தங்கிவிடுவார்கள்.

கண்டபடி அனுப்பினால் ஒன்றும் பிடிபடாது. இப்போது போனவனைப் போலவே இருந்து, மூக்கு மட்டும் வேறாக உள்ள ஒருவனை அனுப்பிப் பார்க்க வேண்டும். தும்மல் வந்தால் காரணம் மூக்குதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது அறிவியல் சோதனையின் அடிப்படை. அதை எனக்கு முதலில் புரியவைத்தது இந்தப் பாறைகள்தான். தும்மலும் ஒரு தகவல் என்று தெரிந்த பிறகு தோற்கிற பயம் போய்விட்டது.

அந்தக் காலத்துக் கல்வி விளையாட்டுகள் பலவற்றில், கூட்டல் கணக்குக்கு விடை சொன்னால் ராக்கெட் பறக்கும். கணக்குக்கும் ராக்கெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸூம்பினிஸில் யோசிப்பதுதான் விளையாட்டே.

திரையில் தெரிவதை மவுஸால் சொடுக்கிக் கதையை நகர்த்தும் 'பாயிண்ட் அண்ட் கிளிக்' சாகச விளையாட்டுகளை உருவாக்கியவர்களில் எனக்கு ரான் கில்பர்ட் மேல் தனி மரியாதை. சியரா என்ற நிறுவனத்தின் பழைய சாகசங்களில், தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்காமல் விட்டால் வெகுநேரம் கழித்து வழியே இல்லாமல் மாட்டிக்கொள்ள நேரும். அது கூடாது என்பது கில்பர்ட்டின் கொள்கை. 1990இல் வந்த அவருடைய 'மங்கி ஐலண்ட்' அப்படித்தான் அமைந்தது. அப்புறம் அவர் இணைந்து தொடங்கிய ஹியூமங்கஸ் நிறுவனத்தில் குழந்தைகளுக்காக 'புட்-புட்', 'ஃப்ரெடி ஃபிஷ்' எல்லாம் வந்தன. 'ஃப்ரெடி ஃபிஷ்'ஷைப் புதிதாகத் தொடங்கும்போது பொருள்கள் இருக்கும் இடம் மாறக்கூடும் என்பதால், மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. பாடம் என்று எதுவும் இல்லை, ஆனாலும் நினைவாற்றலுக்கும் பொறுமைக்கும் நல்ல வேலை.

1985இல் வந்த, திருடர்களை நாடு நாடாகத் துரத்தும் 'கார்மென் சாண்டியேகோ' விளையாட்டையும் விடக்கூடாது. பெட்டிக்குள்ளேயே உலகத் தகவல் புத்தகம் ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்கள். திருடன் மாற்றிய பணத்தையும் கொடியின் நிறத்தையும் வைத்து எந்த நாடு என்று புத்தகத்தில் தேட வேண்டும்.

ஸூம்பினிஸ் 2015இல் புதுப்பித்து வெளிவந்தது. ஹியூமங்கஸ் விளையாட்டுகளின் பழைய கோப்புகள் கையில் இருந்தால், ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளில் இன்றைய கணினியிலும் ஓடும். பிள்ளையோடு உட்கார்ந்தால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "இவனை ஏன் அந்தப் பாலத்துக்கு அனுப்பினாய்?" என்று மட்டும் கேளுங்கள்.