‘இப்ப வருது, இப்ப வருது’ன்னு சொல்லி பிள்ளைகளை உக்கார வைக்காதீங்க

வாசகர் கேள்வி – அக்கா பதில்

ஸ்போர்ட்ஸ் மீட் சீசன் வந்தா எனக்கு வர்ற கேள்வில பாதி முட்டி வலி, ஷூ, பீரியட்ஸ் இதைப் பத்தித்தான் இருக்கும். இந்த தடவை ஆறு பேர் ஹோட்டல் பத்தி எழுதியிருக்காங்க, எல்லாரும் நம்ம பாலக்காடு, பொள்ளாச்சி, வாளையார் சுத்துவட்டாரம், அதனால இந்த இதழ் பூரா அதுக்கே.

கேள்வி: அக்கா, நான் ப்ளஸ் டூ, 800 மீட்டர் ஓடுறேன். பாலக்காட்டுல ஒரு மீட்டுக்கு போனோம். காலைல ஹீட்ஸ் (ஃபைனலுக்கு ஆள் எடுக்கிற ஓட்டம்) முடிஞ்சுது, ஃபைனல் நாலேகாலுக்கு. ஒன்னேகாலுக்கு பதினோரு பேரும் கிரவுண்டுக்கு வெளிய இருந்த ஹோட்டலுக்கு போனோம். எப்ப கேட்டாலும் ‘இப்போ தராம் மோளே’ன்னாங்க. தட்டு வந்தப்போ மூணு ஆகப்போகுது. அள்ளி அள்ளி சாப்பிட்டுட்டு ஓடுனேன், ரெண்டாவது ரவுண்டுல விலாவுல பிடிச்சுக்கிச்சு, கடைசி ஆளா வந்தேன். ஹோட்டல்ல நான் சத்தம் போட்டேன்னு சார் எல்லார் முன்னாடியும் என்னைத்தான் திட்டினார். நான் கோபப்பட்டது தப்பாக்கா?
— ஓட்டக்காரி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தப்பே இல்ல கண்ணு. சாதாரணமா வெளிய சாப்பிட போறவங்களுக்கு ஒரு மணி நேரம் லேட்டானா எரிச்சலோட போயிரும், உனக்கு அப்படி இல்ல, அந்த ஒரு மணி நேரத்துலதான் உன் ஃபைனலே இருக்கு. காலைல ஹீட்ஸ் ஓடுனப்பவே தசைக்குள்ள சேர்த்து வச்சிருந்த கிளைக்கோஜன், அதான் ஓடுறதுக்கான மாவுச்சத்து இருப்பு, கொஞ்சம் கரைஞ்சிருக்கும், அதே நாள்ல திரும்ப ஓடணும்னா அதை உடனே நிரப்ப ஆரம்பிக்கணும். ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் ஆளுங்க சொல்ற கணக்கு என்னன்னா, சீக்கிரம் தேற வேண்டியிருந்தா முதல் சில மணி நேரத்துக்கு, உடம்பு எடைல ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 1 கிராம்ல இருந்து 1.2 கிராம் மாவுச்சத்து. நீ 45 கிலோன்னு வச்சுக்க, மணிக்கு 45ல இருந்து 54 கிராம், அதாவது ரெண்டு வாழைப்பழம் இருந்தா ஏறக்குறைய முடிஞ்சுது. வயிறு நிறைய சாப்பிடுற சாப்பாடுன்னா ஓட்டத்துக்கு ரெண்டரை, மூணு மணி நேரம் முன்னாடியே முடிச்சிரணும். ஒன்னேகாலுக்கு நீங்க போனது சரியான நேரம்தான், அப்பவே தட்டு வந்திருந்தா உனக்கு ஒன்னும் ஆகியிருக்காது. மூணு மணிக்கு வந்த சோத்தை பசியில அவசரமா தின்னுட்டு நாலேகாலுக்கு ட்ராக்ல நின்னா அது வயித்துலயேதான் கிடக்கும், விலா பிடிக்கத்தான் செய்யும். நீ ஓட்டத்துல சரியில்லன்னு மட்டும் மனசுல வச்சுக்காத, அப்படி ஒரு எண்ணம் வந்தா துடைச்சு போட்டுரு.

ஆனா அந்த கோபம் யார் மேல போகணும்னு பாரு. தட்டு தூக்கிட்டு வர்ற அண்ணன் சமைக்கிறதில்ல, உள்ள எவ்ளோ நேரமாகும்னு அவருக்கே சரியா தெரியாது, தெரிஞ்சாலும் சொன்னா நீங்க எந்திரிச்சு போயிருவீங்கன்னு முதலாளிக்கு பயப்படுவார். நம்ம பார்டர் ஹோட்டல் பாதில இப்ப கிச்சன்ல பெங்காலி, ஒடியா பசங்க, வெளிய மலையாளம், நீங்க பேசுறது தமிழ், இத்தனை கை மாறித்தான் உங்க ஆர்டர் அடுப்புக்கு போகுது. நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதல. ஊண், அதாவது மீல்ஸ் சொல்லியிருந்தா சோறு, சாம்பார், தோரன் (தேங்கா போட்ட பொரியல்) எல்லாம் பதினொன்றரைக்கே வெந்து இருக்கும், பரிமாற வேண்டியதுதான். அதுக்கே ஒன்னேமுக்கா மணி நேரம் ஆக்கினாங்கன்னா அந்த ஹோட்டல் உங்களை ஒரு ஆளாவே மதிக்கல. ஆளுக்கு ஒன்னா ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், நெய் ரோஸ்ட்னு சொல்லியிருந்தா விஷயம் வேற, ஒரு சட்டில ரெண்டு மூணு பிளேட்டுக்கு மேல ஒரு தடவைல கிளற முடியாது, கல்லுல நாலஞ்சு தோசைதான் விழும், அதுல மத்த டேபிள் ஆர்டரும் நடுநடுவுல வரும்.

அடுத்த தடவை மெனு கார்டையே தொடாத. உக்காந்த உடனே ‘சேட்டா, நாலு மணிக்கு ஓட்டம் உண்டு, பெட்டென்னு எந்தா கிட்டுக?’ (சீக்கிரம் என்ன கிடைக்கும்)ன்னு கேளு, என்ன ரெடியா இருக்கோ அதையே பதினோரு பேரும் வாங்கிக்கங்க, அது வர்றவரைக்கும் டேபிள்ல வைக்கிற பதிமுகத் தண்ணிய (பதிமுகம் மரத்துண்டு போட்டு காய்ச்சின சிவப்புத் தண்ணி) கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. இருபது நிமிஷத்துல தட்டு வரலைன்னா அடுப்புல ஏத்திட்டாங்களான்னு கேளு, ஏத்தலைன்னா கேன்சல் சொல்லிட்டு எந்திரிச்சு வெளிய பெட்டிக்கடைல பழம் வாங்கிரு, அதுக்கு யாரும் உன்னை குத்தம் சொல்ல முடியாது.

உங்க சார் பிள்ளைகளை திட்டினது எனக்கு சுத்தமா பிடிக்கல. மீட்டுக்கு கூட்டிட்டு போற பெரியவங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏற்பாடு பண்ணாம விட்டுட்டு பசியில கத்துன பிள்ளைக்கு ஒழுக்கம் சொல்லித்தரக்கூடாது. இந்த பக்கத்தை அவர்கிட்ட காட்டு.

கேள்வி: நாங்க கபடி பசங்க, 55 கிலோ கேட்டகரி. எடை போட்டு முடிச்சுட்டுத்தான் சாப்பிடவே போவோம். எங்களுக்கு அப்புறம் வந்த ஃபேமிலிக்கெல்லாம் முதல்ல வச்சுட்டு எங்களை கடைசில கவனிக்கிறாங்க. ஜெர்சி போட்டவன்னா இளப்பமா?
— வேலந்தாவளத்துல இருந்து ஒருத்தன்

பதில்: இளப்பம்னு சொல்றதுல உண்மை இருக்கு தம்பி, நான் பல ஹோட்டல்ல பார்த்திருக்கேன். பசங்க கூட்டம்னா பில்லு கம்மி, டிப்ஸ் வராது, சாம்பார் ஏழு தடவை கேப்பாங்கன்னு ஒரு கணக்கு போட்டு மூலைல உக்கார வச்சிருவாங்க. காசு கொடுத்து சாப்பிடுறவன் எல்லாரும் ஒன்னுதான், முதல்ல வந்தவனுக்கு முதல்ல வைக்கணும். டீம்ல பொறுமையா பேசுற ஒருத்தன் மட்டும் கல்லாவுக்கு போய் ‘அண்ணா, நாங்க அவங்களுக்கு முன்னாடி வந்தோம்’னு முதலாளிகிட்ட நேரா சொல்லட்டும், பன்னெண்டு பேரும் சேர்ந்து போனா அது சண்டையாத்தான் தெரியும்.

எனக்கு பயமா இருக்கிறது வேற விஷயம். எடைக்காக முந்தின ராத்திரியில இருந்து சாப்பிடாம, சில பேர் தண்ணி கூட குடிக்காம, அந்த வெறும் வயித்தோட ஹோட்டல்ல ஒரு மணி நேரம் உக்காந்தீங்கன்னா தலை சுத்தும், அப்புறம் ரெய்டு போறப்போ கால் பிடிச்சு இழுக்கும். எடை மெஷின்ல இருந்து இறங்கின உடனே அங்கயே ஓஆர்எஸ் தண்ணி, ரெண்டு பழம், அதுக்கு அப்புறம்தான் ஹோட்டல். வளர்ற வயசுல பட்டினி கிடந்து கேட்டகரில நுழையவே கூடாது, எடை கூடிருச்சுன்னா மேல உள்ள கேட்டகரில ஆடு.

கேள்வி: நான் பொள்ளாச்சி பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். கைல இருக்கிற பட்ஜெட்ல 18 பிள்ளைகளை கூட்டிட்டு கோபாலபுரம் பார்டர் தாண்டி கேரளாவுக்கு போறேன். எங்க போனாலும் லேட், என்னதான் பண்றது?

பதில்: சார், முதல்ல நேரத்தை பாருங்க. மீட் ஷெட்யூல் எப்பவும் இழுத்துக்கிட்டு போகும், மதிய பிரேக்னு ரெண்டேமுக்காலுக்கு விடுவாங்க, நீங்க ஹோட்டலுக்கு போறப்போ மூணு. மூணுல இருந்து நாலு வரைக்கும்தான் நம்ம ஊரு ஹோட்டலுக்கே ரெஸ்ட், சோறு தீர்ந்திருக்கும், சாயங்கால டிபன் ஆரம்பிச்சிருக்காது, மாஸ்டரும் பசங்களும் அப்பதான் ஒரு வாய் சாப்பிட்டு படுத்திருப்பாங்க. பரோட்டாவுக்கு மாவு பிசைஞ்சு எண்ணெயில ஊறிக்கிட்டு கிடக்கும், ஊறாம அடிச்சா கிழியும், நீங்க என்ன அவசரப்படுத்தினாலும் அதுக்கு உண்டான நேரம் ஆகத்தான் ஆகும். அதனால முடிஞ்ச வரைக்கும் பன்னெண்டு, பன்னெண்டேகாலுக்கே பிள்ளைகளை ரெண்டு பிரிவா அனுப்பி சாப்பிட வச்சிருங்க, மதியம் ஈவென்ட் இருக்கிறவங்க முதல் பந்தி, இல்லாதவங்க அப்புறம்.

முந்தின நாளே ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்க. இத்தனை பேர், இத்தனை மணிக்கு, எல்லாருக்கும் ஒரே ஐட்டம், சைவம் இத்தனைன்னு சொல்லி கொஞ்சம் அட்வான்ஸ் ஜிபேல போட்டுவிட்டா போதும், எந்த ஹோட்டல்காரரும் மறக்க மாட்டார். மீட் நடத்துறவங்ககிட்ட மெஸ் இருக்கான்னும் கேளுங்க. கேரளா ஸ்கூல் கலோத்சவத்துல (கலை விழா) பழயிடம் மோகனன் நம்பூதிரி மாதிரி ஆளுங்க சமைச்சு ஒரு நாளைக்கு பல ஆயிரம் பேருக்கு பந்தல்ல பந்தி போடுறாங்க, பிள்ளைகளுக்குன்னு முன்னாடியே ஒரு அடுப்பு பத்த வச்சா எவ்ளோ பேருக்கும் நேரத்துக்கு போடலாம். சின்ன மீட் நடத்துறவங்களும் நுழைவுக் கட்டணம் வாங்குறப்பவே சாப்பாட்டுக்கும் சேர்த்து வாங்கி ஒரு பிரிஞ்சியோ தக்காளி சாதமோ கிரவுண்டுக்கே கொண்டு வந்து இறக்கலாமே, ஏன் பண்ண மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு ஆதங்கமாவே இருக்கு.

இன்னொன்னு, நவம்பர் பாதியில இருந்து ஜனவரி பாதி வரைக்கும் மண்டலம், மகரவிளக்குன்னு வாளையார் ரோடு பூரா ஐயப்ப சாமிங்க பஸ் நிக்கும், ஒரு பஸ் இறங்குச்சுன்னா அந்த ஹோட்டல் ஒரு மணி நேரத்துக்கு உங்களது இல்ல. அந்த மாசத்துல ஹைவே ஹோட்டலை விட்டுட்டு ஊருக்குள்ள இருக்கிற சின்ன மெஸ்ஸா பாருங்க.

கேள்வி: கோயமுத்தூர்ல மேட்ச் முடிச்சு ஃபுட்பால் டீமோட ஒரு ஏசி ரெஸ்டாரன்ட் போனோம். சாப்பாடு முக்கா மணி நேரம் லேட், பில்லுல 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் வேற. கட்டித்தான் ஆகணுமா?
— காலேஜ் மாணவன், சித்தூர்

பதில்: வேண்டாம். சர்வீஸ் சார்ஜை அவங்களா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே வழிகாட்டுதல் போட்டாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிருச்சு. எடுத்துருங்கன்னு மரியாதையா கேளு, மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணி சொல்லலாம். ஜிஎஸ்டி வேற, அது வரி, அதை கட்டணும்.

கேள்வி: எல்லாரும் ஹோட்டல்காரனையே சொல்றாங்க. இருபது பசங்க திடீர்னு வந்து இருபது ஐட்டம் சொல்றாங்க, பாதி பேர் அதையும் மாத்துறாங்க, வாஷ்பேசின்ல தலையையே கழுவுறாங்க. நான் எங்க போய் சொல்றது?
— ஹோட்டல் நடத்துபவர், தத்தமங்கலம் ரோடு

பதில்: அண்ணா, உங்க கஷ்டம் நெஜம், அதனாலதான் மேல சாருக்கு போன் போடச் சொன்னேன். உங்ககிட்ட நான் கேக்கிறது ஒன்னே ஒன்னு, நேரத்தை உண்மையா சொல்லுங்க. நாப்பது நிமிஷம் ஆகும்னா நாப்பதுன்னே சொல்லிருங்க, நாலு டேபிள் வியாபாரம் போனாலும் பரவால்ல, அந்த பிள்ளைங்க வேற வழி பார்த்துக்கும். ‘இப்ப வருது’ன்னு பிடிச்சு வச்சீங்கன்னா அவங்களுக்கு ஃபைனலே போயிரும். ரெடியா இருக்கிற ரெண்டு ஐட்டத்தை நீங்களே வாய் திறந்து சொல்லுங்க, புட்டு, இட்லி, ஊண் எது இருக்கோ அது, பசங்க மறுக்க மாட்டாங்க. 2017ல புவனேஸ்வர்ல ஆசிய சாம்பியன்ஷிப்ல 1500 மீட்டர் தங்கம் வாங்குன பி.யு.சித்ரா உங்க ஜில்லா முண்டூர் பொண்ணுதான், கூலி வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை. உங்க மூலை டேபிள்ல வியர்த்து உக்காந்திருக்கிறதும் அதே மாதிரி வீட்டுல இருந்து வந்த பிள்ளைங்கதான் அண்ணா, முதல்ல ஆளுக்கொரு பழமாச்சும் கொடுத்து உக்கார வைங்க, பில்லுல சேர்த்துக்குங்க.

கேள்வி: ஹோட்டலை நம்பவே பயமா இருக்குங்க. பொண்ணு ஹர்டில்ஸ் ஓடுறா, காலைல அஞ்சு மணிக்கே கிளம்பிருவா. என்ன கட்டிக் கொடுக்கட்டும்?
— ஒரு அம்மா, மீனாட்சிபுரம்

பதில்: இட்லிக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிக் கொடுங்க, மதியம் வரைக்கும் தாங்கும். தேங்கா சட்னி வேண்டவே வேண்டாம், வெயில்ல பஸ்ஸுக்குள்ள கெட்டுரும், தயிர் சாதமும் புளிச்சிரும். எலுமிச்சை சாதம், புளி சாதம் நல்லது, எண்ணெய் மட்டும் கம்மியா. நேந்திரம்பழத்தை அவிச்சு ரெண்டா நறுக்கி தனி டப்பால வைங்க, ரெண்டு ஈவென்ட்டுக்கு நடுவுல அதைத்தான் சாப்பிடணும்னு சொல்லி விடுங்க. கடலைமிட்டாய் எல்லா ஓட்டமும் முடிஞ்ச பின்னாடி, அதுல கொழுப்பு இருக்கிறதால ஓடுறதுக்கு முன்னாடி தின்னா செரிக்க நேரமாகும். ஒரு பாட்டில்ல வெறும் தண்ணி, இன்னொன்னுல உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸ் சக்கரையோட. டப்பாவை கொஞ்சம் பெருசாவே கொடுங்கம்மா, டீம்ல கட்டிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையும் ஒன்னு ரெண்டு இருக்கும்.