தொலைதூர வானொலிப் போட்டியை மன்றத்திற்குள் நடத்துவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓர் அமெச்சூர் வானொலி மன்றத்தின் செயலாளர். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். ஓரிருவர் மட்டும் தரைவீட்டில் கோபுரம் நிறுத்தி, சுழலும் ஆன்டெனா வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்களுக்காகத் தொலைதூரத் தொடர்புப் போட்டி ஒன்றை நடத்தச் செயற்குழு முடிவு செய்துள்ளது. எந்த நாளில் வைப்பது, புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது, கோபுரம் வைத்திருப்பவரே ஒவ்வோர் ஆண்டும் முதல் பரிசைத் தட்டிச் செல்லாமலிருக்க என்ன வழி?
– செயலாளர், தெம்பனிஸ்

பதில்: முதலில், நீங்களாகவே ஒரு நாளைக் குறித்துத் தனிப் போட்டி வைக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சிங்கப்பூர் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். உங்கள் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அலைவரிசைக்கு வந்தாலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத்தான் முடியும். அது தொலைதூரத் தொடர்பு ஆகாது. மறுமுனையில் ஆயிரக்கணக்கான நிலையங்கள் காத்திருக்கும் வார இறுதியே உங்களுக்கு வேண்டியது. உலகப் போட்டி ஒன்று நடக்கும் நாளில் உறுப்பினர்களை இறக்கிவிட்டு, அவர்களுடைய லாக்குகளை (தொடர்புப் பதிவேடுகளை) மட்டும் உங்கள் மன்றத்தின் விதிப்படி தரம் பிரிப்பதே சிறு மன்றத்திற்கு ஏற்ற முறை.

இதற்குப் பொருத்தமானது 1940களின் இறுதியிலிருந்து நடந்துவரும் ‘சிக்யூ வேர்ல்ட் வைட்’ போட்டி. குரல் பிரிவு அக்டோபரின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் பிரிவு நவம்பரின் கடைசி முழு வார இறுதியிலும் நடைபெறும். யுடிசி எனப்படும் உலகப் பொது நேரப்படி சனிக்கிழமை 00:00 மணிக்குத் தொடங்குவதால், நமக்கு அது சனிக்கிழமை காலை 8 மணி. முடிவது திங்கட்கிழமை காலை 7:59. செயற்குழு ஒப்புதல் தருமுன் தீபாவளி எந்த நாளில் வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. குரல் போட்டியின் இரண்டாம் நாளும் அதுவே. அப்படி மோதும் ஆண்டில் நவம்பர் மோர்ஸ் போட்டியை எடுத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கும் நல்லது.

அடுத்தது புள்ளிக் கணக்கு. அந்தப் போட்டியின் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் சிங்கப்பூரில் வேடிக்கையான முடிவுகள் வரும். அங்கே ஆசிய நிலையம் வேறொரு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி, ஆசியாவிலேயே மற்றொரு நாட்டோடு பேசினால் 1 புள்ளி. அமெச்சூர் வானொலிக் கணக்கில் இந்தோனீசியா முழுவதும் ஓசியானியாவைச் சேர்ந்தது. ஆகவே, படகேறினால் ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேரும் பாத்தாம் தீவுக்கு 3 புள்ளி கிடைக்கிறது. 3,900 கிலோமீட்டர் தள்ளியுள்ள மும்பைக்கும், 5,300 கிலோமீட்டர் தள்ளியுள்ள தோக்கியோவுக்கும் தலா 1 புள்ளிதான். உலகப் போட்டிக்கு அந்த விதி ஏதோ ஒரு வகையில் சரியாக இருக்கலாம். ‘தொலைதூரம்’ என்று பெயர் சூட்டிய உங்கள் போட்டிக்கு அது ஒவ்வாது.

எனவே தூரத்தையே புள்ளியாக்குங்கள். அதற்குத் தேவையான தகவல் ஒவ்வொரு தொடர்பிலும் தானாகவே கிடைக்கிறது. உலகப் போட்டியில் இரு தரப்பினரும் பரிமாறிக்கொள்வது, சமிக்ஞை எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று சொல்லும் ஒலித்தர எண்ணும் மண்டல எண்ணும் மட்டுமே. உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் 28ஆம் மண்டலம். நீங்கள் “ஃபைவ் நைன், டூ எயிட்” என்பீர்கள், இங்கிலாந்துக்காரர் “ஃபைவ் நைன், ஒன் ஃபோர்” என்பார், பேச்சு முடிந்தது. ஒவ்வொரு மண்டலமும் சிங்கப்பூரிலிருந்து சுமார் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று ஒரே தாளில் பட்டியல் போட்டு, ஆயிரத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்துவிடலாம். மலேசியாவும் இந்தோனீசியாவும் அடங்கிய 28க்கு 1. இந்தியாவும் இலங்கையும் உள்ள 22க்கு 3. ஜப்பான், கொரியா உள்ள 25க்கு 5. மேற்கு ஐரோப்பாவின் 14க்கு 11. அமெரிக்கக் கிழக்குக் கரையின் 5ஆம் மண்டலத்துக்கு 15. பூமி உருண்டையில் நமக்கு நேர் எதிர்ப்புறம் இருப்பது ஈக்வடார். அதுவும் பெருவும் அடங்கிய 10ஆம் மண்டலத்துக்கு 19 கொடுங்கள், தகும். சிங்கப்பூருக்குள்ளேயே பேசிக்கொள்வதற்குப் புள்ளியே வேண்டாம். இல்லாவிட்டால் நண்பர்கள் ஒருவருக்கொருவர் எண்ணிக்கையை நிரப்பிக் கொடுப்பார்கள்.

இனிக் கோபுரக்காரர். அவரைத் தண்டிப்பது நோக்கமல்ல; அவருக்கு இருக்கும் வசதி மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்காதபடி பார்த்துக்கொண்டால் போதும். மூன்று விதிகள் அதைச் செய்யும். மொத்தமுள்ள 48 மணி நேரத்தில் ஒவ்வொருவரும் இயங்கும் முதல் 12 மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியை மட்டுமே ஓய்வு என்று அந்தக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டாவதாக, தூரப் புள்ளிகளின் கூட்டுத்தொகையை, தொடர்புகொண்ட வெவ்வேறு மண்டலங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஆனால் ஒரு மண்டலத்தை ஒரே ஒரு முறைதான் எண்ண வேண்டும். உலகப் போட்டியில் ஒவ்வொரு பேண்டிலும் (அலைநீளத்தால் பெயரிடப்படும் அலைவரிசைத் தொகுதியிலும்) தனித்தனியாக எண்ணுவார்கள். அப்படிச் செய்தால் 160 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை ஆறு பேண்டுக்கும் ஆன்டெனா வைத்திருப்பவரே முந்துவார். மூன்றாவதாக, 5 வாட்டோ அதற்குக் குறைவோ பயன்படுத்துபவரின் மொத்தப் புள்ளியை இரட்டிப்பாக்குங்கள். ஆன்டெனாவின் வகையையும் உயரத்தையும் பார்த்துச் சலுகைப் புள்ளி கொடுக்கப் போகாதீர்கள். அளக்க முடியாததை விதியாக்கினால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் முழுவதும் அதைப் பற்றியே பேச வேண்டிவரும். அடுக்குமாடி, தரைவீடு என்று முடிவுப் பட்டியலை இரண்டாகப் பிரிப்பதே நேர்மையானது.

கேள்வி: ஈசூனில் பதினோராம் மாடியில் இருக்கிறேன். சன்னலோரம் ஒரு கம்பி ஆன்டெனா, எந்நேரமும் இரைச்சல். இப்படிப்பட்ட போட்டியில் நான் சேர்வதில் பொருள் உண்டா?
– வாசகர், ஈசூன்

பதில்: உண்டு, பேண்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நன்றாகவே உண்டு. அரை அலை டைபோல் என்னும் எளிய கம்பி ஆன்டெனாவின் நீளத்தை மீட்டரில் அறிய, 143ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் போதும். 20 மீட்டர் பேண்டுக்கு அது 10 மீட்டர் நீளக் கம்பி. எந்த வரவேற்பறையிலும் அடங்காது. 10 மீட்டர் பேண்டுக்கு 5 மீட்டர்தான். வரவேற்பறைக் கூரையின் ஓரமாகவே ஓட்டிவிடலாம். சூரியனின் செயல்பாடு கூடிக் குறையும் சுழற்சிகளில் 25ஆவது 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்ச நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் 10, 15 மீட்டர் பேண்டுகள் குறைந்த வாட்டிலேயே கண்டம் தாண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வசதி தேய்ந்துகொண்டே போகும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நேரமும் முக்கியம். இங்கிருந்து அமெரிக்காவுக்குக் காலைப் பொழுதிலும், ஐரோப்பாவுக்குப் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் முன்னிரவு வரையிலும் உயர் பேண்டுகள் திறப்பது வழக்கம். நடுப்பகலில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் கிடைக்கும். செயலாளர் உங்களுக்கு 12 மணி நேரம் கொடுத்தால், தொடக்கத்தில் காலை மூன்று மணி நேரத்தையும் மாலையிலிருந்து நள்ளிரவு வரையிலும் செலவிட்டு, நண்பகலில் உறங்கிவிடுங்கள்.

உங்கள் கம்பி எவ்வளவு கேட்கிறது என்பதைப் போட்டிக்கு முன்பே அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. 14.100, 21.150, 28.200 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் உலகெங்கும் உள்ள 18 வழிகாட்டி நிலையங்கள் ஆளுக்குப் பத்து விநாடியாக முறை வைத்து ஒலிபரப்புகின்றன. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றும் தன் அழைப்புக் குறியை (நிலையத்தின் அடையாளப் பெயரை) மோர்ஸில் சொல்லிவிட்டு, ஒரு விநாடி நீளும் நான்கு கோடுகளை அனுப்பும்: முதலாவது 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசியாக 0.1. இலங்கையின் 4எஸ்7பி, ஹாங்காங்கின் விஆர்2பி ஆகியவை நமக்குப் பக்கத்தில் இருப்பவை. இரண்டாம் கோடு வரை தெளிவாகக் கேட்டால் அந்தத் திசைக்கு உங்கள் 100 வாட் தாராளம். நான்காம் கோடும் கேட்கிறதென்றால் உங்கள் சன்னலைப் பற்றிக் குறை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை.

இரைச்சலைப் பொறுத்தவரை, மின்கலத்தில் ஓடும் சிறு வானொலியை இயக்கிவிட்டு, வீட்டின் மின்சாரத்தை முதன்மைச் சுவிட்சில் சில நொடிகள் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பெரும்பாலும் மலிவான எல்இடி விளக்கோ கைத்தொலைபேசி மின்னூட்டியோதான். குறையாவிட்டால் மின்தூக்கியும் அண்டை வீட்டாரும் சம்பந்தப்பட்டது, அதிகம் செய்ய முடியாது. துணி உலர்த்தும் கழியில் கம்பியைக் கட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டும் யோசனை எல்லாருக்கும் வரும். வீவக, நகர மன்ற விதிகளைப் பார்க்காமல் அதைச் செய்ய வேண்டாம். பதினோராம் மாடியிலிருந்து எது விழுந்தாலும் அது விளையாட்டாக முடியாது. கடற்கரையில் செங்குத்துக் கம்பி நட்டு இயங்குவது அருமையான மாற்று, ஏனெனில் உப்பு நீர் தாழ்ந்த கோணத்தில் செல்லும் அலைக்குப் பெரிதும் துணைசெய்கிறது. ஆனால் உரிமத்தில் குறித்த முகவரியைவிட்டு வெளியே இயங்குவது பற்றித் தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரைச்சல் அடங்கவே இல்லையென்றால் உங்கள் செயலாளரிடம் ஆகஸ்ட் மாதப் போட்டியையும் சேர்க்கச் சொல்லலாம். எஃப்டி8, எஃப்டி4 என்னும் கணினிவழி முறைகளில் நடக்கும் ‘வேர்ல்ட் வைட் டிஜி’ போட்டியில் மண்டலத்துக்குப் பதிலாக உலக வரைபடத்தில் இருக்கும் இடத்தைக் காட்டும் நான்கு எழுத்துக் கட்டக் குறியைப் பரிமாறிக்கொள்வார்கள், சிங்கப்பூருக்கு ஓஜே11. தொடர்புக்கு ஒரு புள்ளி, அதற்குமேல் ஒவ்வொரு 3,000 கிலோமீட்டருக்கும் இன்னொரு புள்ளி. காதுக்கு எட்டாத சமிக்ஞையைக் கணினி படித்துக் கொடுத்துவிடும் என்பதால், அடுக்குமாடிவாசிகளுக்கு என்றே செய்தது போன்ற போட்டி அது.

கேள்வி: எங்கள் உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. போட்டி நேரத்தில், “இன்ன அலைவரிசையில் பிரேசில் கேட்கிறது” என்று அதில் பதிவிடலாமா?
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்கள் மன்றப் போட்டியைப் பொறுத்தவரை, அனைவருக்கும் அனுமதியுங்கள், புதியவர்கள் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழியில்லை. ஆனால் உலகப் போட்டியின் கண்ணில் அது உதவி பெறுவதாகும். குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் லாக்கை ‘உதவி பெற்றவர்’ பிரிவில்தான் அனுப்ப வேண்டும். “நான் இங்கே இருக்கிறேன், வந்து கூப்பிடுங்கள்” என்று தன்னையே விளம்பரப்படுத்திக்கொள்வதை எந்தப் பிரிவிலும் ஏற்கமாட்டார்கள். அந்தக் குழுவுக்கு இன்னொரு பயனும் உண்டு: பக்கத்துப் பக்கத்து புளோக்குகளில் இருக்கும் இரு உறுப்பினர்கள் ஒரே பேண்டில் இறங்கினால் ஒருவர் பேசும்போது மற்றவரின் வானொலி வாங்கி வேறெதையும் கேட்க முடியாமல் செவிடாகிவிடும். யார் எந்த பேண்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டால் சண்டை வராது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் ஆர்வமாக இருக்கிறாள், உரிமம் இல்லை. சேர்க்கலாமா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: ஒலிவாங்கியை உரிமம் பெற்றவரே பிடிக்கட்டும். லாக் எழுதுவதையும், மண்டல வரைபடத்தில் ஒவ்வோர் எண்ணாக வண்ணம் தீட்டுவதையும் மகளிடம் ஒப்படையுங்கள். குழந்தைகளின் காது கூர்மையானது. அழைப்புக் குறியின் கடைசி எழுத்தை உங்களுக்கு முன்பே பிடித்துவிடுவாள்.

கேள்வி: லாக்கில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது? உறுப்பினர்களைச் சந்தேகிப்பதாகவும் தெரியக் கூடாது.
– செயற்குழு உறுப்பினர், பிடோக்

பதில்: பொய் எழுதுபவர்கள் மிகவும் குறைவு; தவறாகக் கேட்டு எழுதுபவர்களே அதிகம். அதனால் சரிபார்ப்பை எல்லாருக்கும் பொதுவான நடைமுறையாக முன்கூட்டியே அறிவித்துவிட்டால் யாருடைய மனமும் நோகாது. ஒவ்வொருவரும் என்1எம்எம் போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, போட்டி லாக்குகளுக்கான கேப்ரில்லோ வடிவக் கோப்பை உலகப் போட்டிக்கும் உங்களுக்கும் ஒருசேர அனுப்பட்டும். கோப்பு வந்தவுடன் முதலில் நேரத்தைப் பாருங்கள். கணினியைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டால், லாக் முழுவதும் எட்டு மணி நேரம் தள்ளி நிற்கும். மறுமுனை லாக்கோடு ஒரு வரிகூட ஒத்துப்போகாது. ஒரே நிலையத்தோடு ஒரே பேண்டில் மீண்டும் பேசிய இரட்டைப் பதிவுகளை அழிக்கச் சொல்லாதீர்கள். அவற்றுக்குப் புள்ளி இல்லை, தண்டனையும் இல்லை, ஆனால் அழித்தால் மறுமுனையில் இருப்பவரின் கணக்கு பாதிக்கப்படலாம். போட்டி முடிந்த பிறகு இணையத்தில் தேடி அழைப்புக் குறிகளைத் திருத்துவது கூடாது என்பதையும் விதித்தாளில் தெளிவாக எழுதுங்கள்.

மறுமுனையைச் சரிபார்க்கும் வேலையை உலகப் போட்டியே உங்களுக்காகச் செய்துவிடுகிறது. அதற்கு வந்துசேரும் லாக்குகள் பிற்பாடு பொதுப் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. ஈக்வடார் போன்ற பெரிய புள்ளித் தொடர்புகளை மட்டுமாவது எதிர் நிலையத்தின் லாக்கில் தேடிப் பார்த்து உறுதிசெய்யலாம். அதுவரை முடிவை ‘தற்காலிகம்’ என்று அறிவியுங்கள். லாக் அனுப்ப உலகப் போட்டி தரும் கெடு, முடிந்த நேரத்திலிருந்து ஐந்து நாள். உங்கள் மன்றத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால், கோப்பில் நேரம் தவறியிருப்பவரை அழைத்துச் சொல்லவும், அவர் சரிசெய்து உலகப் போட்டிக்கு மீண்டும் அனுப்பவும் இரண்டு நாள் மிச்சமிருக்கும்.